நோட்டீஸ் கொடுத்த தீர்மானங்கள் எங்கே போகின்றன?

கேள்வி இது: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில், அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு ஓர் அவசரப் பொருளைப் பேசக் கோரும் ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு ஓர் உறுப்பினர் நோட்டீஸ் கொடுத்தார் என்று காலையில் செய்தி வருகிறது, மாலைச் செய்தியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. நோட்டீஸ் கொடுப்பதும் தீர்மானம் கொண்டுவருவதும் ஒன்றுதானா? கொடுத்த நோட்டீஸ் என்ன ஆகிறது? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றால் உறுப்பினர்கள் ஏன் அதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள்?

இரண்டும் ஒன்றல்ல. நோட்டீஸ் என்பது, இன்ன பொருளைப் பற்றி, இன்ன விதியின் கீழ், இன்ன வாசகத்தோடு அவையில் எழுப்பப்போகிறேன் என்று உறுப்பினர் எழுத்தில் தரும் முன்னறிவிப்பு. அது அவையின் சொத்தாவதற்கு முன்னால் அவைத்தலைவர் அதை ஏற்க வேண்டும், சில வகைகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்ட வேண்டும், அதற்கென ஒரு நாள் ஒதுக்கப்பட வேண்டும், அந்த நாளில் உறுப்பினர் அதை முறைப்படி முன்மொழிய வேண்டும். இந்தப் படிகளில் எதிலும் அது நின்றுவிடலாம். எந்த நோட்டீஸ் எங்கே நிற்கிறது என்பதைப் பல கூட்டத்தொடர்களாகக் கவனித்ததில் எனக்குப் பட்டது ஒன்று உண்டு: நோட்டீஸின் வலிமை அதில் எழுதப்பட்டிருக்கும் குற்றச்சாட்டின் கனத்தில் இல்லை, இத்தனை நாளுக்குள் அவை இதை எடுத்தே ஆக வேண்டும் என்று விதியோ அரசமைப்புச் சட்டமோ அதற்குக் கெடு வைத்திருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

குழப்பத்துக்கு நம் மொழிவழக்கும் ஒரு காரணம். தமிழ்நாட்டில், உறுப்பினர் முன்வைப்பதையும் அவை நிறைவேற்றுவதையும் ‘தீர்மானம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். தீர்த்து முடிவுகட்டியதைச் சுட்டும் சொல் அது. ஆகவே ‘தீர்மான நோட்டீஸ்’ என்று படிக்கும்போதே ஏதோ முடிவாகிவிட்டது போன்ற எண்ணம் எழுகிறது. இலங்கைத் தமிழில் முன்வைக்கப்படுவதைப் ‘பிரேரணை’ என்கிறார்கள். நம்பிக்கையில்லாப் பிரேரணை, ஒத்திவைப்புப் பிரேரணை என்பவை அங்கே அன்றாடச் சொற்கள். பிரேரிப்பது வேறு, தீர்மானிப்பது வேறு என்ற வேறுபாடு அந்த வழக்கில் தெளிவாக நிற்கிறது. நம் பத்திரிகைகளும் அதைக் கைக்கொண்டால் நல்லது என்று நினைப்பவன் நான். ஆனாலும் இங்கே பழகிய சொல்லையே பயன்படுத்துகிறேன்.

முன்னறிவிப்பு எதற்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். 543 தொகுதிகளின் பிரதிநிதிகள் கூடும் மக்களவையில், யாரும் எதிர்பாராத நேரத்தில் ஒருவர் எழுந்து ஒரு முடிவை முன்மொழிந்து, அப்போது இருப்பவர்களைக் கொண்டு வாக்கெடுப்பு நடத்திவிட முடியுமென்றால், அங்கே இல்லாதவர்களின் தொகுதிகளுக்கு அநீதி நேரும். அரசும் அப்படிச் செய்துவிடக் கூடாது, எதிர்க்கட்சியும் செய்துவிடக் கூடாது. அமைச்சர் தம் துறையிடம் தகவல் கேட்டுப் பெறவும், மற்ற உறுப்பினர்கள் படித்துத் தயாராகவும், திருத்தம் கொடுக்க விரும்புவோர் அதை எழுதிக் கொடுக்கவும் அவகாசம் வேண்டும். கேள்வி நேரத்துக்கான கேள்விகளுக்கே முழுதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கேட்பதும், அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்த ஒரு மாத நோட்டீஸ் வேண்டும் என்பதும், அரசின் மானியக் கோரிக்கைகளில் தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்களை ஒரு நாள் முன்னதாகவே தந்துவிட வேண்டும் என்பதும் இந்த அடிப்படையில் பிறந்தவைதாம். ஆளுங்கட்சியின் பெரும்பான்மை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முன்னறிவிப்பு விதி அதையும் கட்டுப்படுத்துகிறது. சிறுபான்மைக்கு நாடாளுமன்றம் தரும் பாதுகாப்புகளில் இதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

நோட்டீஸை மக்களவையின் பொதுச்செயலருக்கு முகவரியிட்டு, கையொப்பமிட்டு, எழுத்தில் தர வேண்டும். அன்றைக்கே எழுப்ப வேண்டிய அவசரப் பொருள்களுக்குக் காலை 10 மணி என்பது எல்லை. ஒத்திவைப்புத் தீர்மானம், ஓர் அவசரப் பொருளில் அமைச்சரின் விளக்கத்தைக் கோரும் கவன ஈர்ப்பு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றுக்கான நோட்டீஸ்கள் அன்று 10 மணிக்குள் வந்தாக வேண்டும். அவை கூடுவது 11 மணிக்கு. இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவைத்தலைவரும் செயலகமும் வந்தவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். காலைச் செய்தியில் நோட்டீஸ் இடம்பெறுவதற்கும் மாலைக்குள் அது மறைந்துபோவதற்கும் காரணம் இதுதான்: 10 மணிக்குக் கொடுத்தது, அவை கூடிச் சற்று நேரத்துக்குள் ‘அனுமதிக்கப்படவில்லை’ என்ற ஒற்றை அறிவிப்போடு முடிந்துவிடுகிறது.

எந்த அடிப்படையில் ஏற்கிறார்கள், எந்த அடிப்படையில் மறுக்கிறார்கள் என்பதும் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. பொதுநலன் சார்ந்த தீர்மானங்களுக்கான மக்களவை விதி 186 சொல்வதன் சாரம்: ஒரு தீர்மானம் ஒரே ஒரு திட்டவட்டமான பிரச்சினையைத்தான் எழுப்ப வேண்டும், அதில் வாதங்களோ, ஊகங்களோ, எள்ளலோ, பழிச்சொல்லோ, அவதூறோ இருக்கக் கூடாது, ஒருவரின் நடத்தையை அவருடைய பொதுப் பொறுப்பு சார்ந்து மட்டுமே பேசலாம், பொருள் அண்மையில் நிகழ்ந்ததாக இருக்க வேண்டும், அதே கூட்டத்தொடரில் ஏற்கெனவே விவாதித்ததை மீண்டும் கிளறக் கூடாது, நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் காத்திருக்கும் விஷயமாகவும் இருக்கக் கூடாது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும் என்ற முதல் நிபந்தனையில்தான் நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் நோட்டீஸ்களும் இடறுகின்றன. விலைவாசி, வேலையின்மை, விவசாயிகள் துயரம் ஆகிய மூன்றையும் ஒரே நோட்டீஸில் அடுக்கினால், எழுதியவருக்கு அது முழுமையாகத் தோன்றலாம். செயலகத்துக்கு அதைத் திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணம்.

இனி, விதி எண்கள். நம் ஊடகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். நாடாளுமன்றம் வாரக்கணக்கில் முடங்குவதும் பல முறை இந்த எண்களால்தான். மக்களவை விதி 184இன் கீழ் ஒரு பொருள் விவாதிக்கப்பட்டால் முடிவில் வாக்கெடுப்பு உண்டு. விதி 193இன் கீழ் அதே பொருள், அதே பேச்சாளர்களைக் கொண்டு, அதே நேரம் விவாதிக்கப்பட்டாலும் வாக்கெடுப்பு இல்லை. அது குறுகிய கால விவாதம். 193க்கான நோட்டீஸில் கொடுப்பவரைத் தவிர இன்னும் இரண்டு உறுப்பினர்கள் கையொப்பமிட்டால் போதும். அரசு எப்போதும் 193ஐ விரும்பும், எதிர்க்கட்சி 184ஐக் கேட்கும். யார் ஆட்சியில் இருந்தாலும் இது மாறியதில்லை.

2012ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் இதற்குச் சரியான சான்று. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்த முடிவை விவாதிப்பதில் அன்றைய மன்மோகன் சிங் அரசுக்குத் தயக்கம் இருக்கவில்லை. வாக்கெடுப்போடு விவாதிப்பதில்தான் தயக்கம். 184இன் கீழ்தான் என்று பாரதிய ஜனதாவும் இடதுசாரிகளும் பிடிவாதமாக இருந்தார்கள்; கூட்டத்தொடரின் முதல் நாள்கள் அந்த எண்ணுக்காகவே கழிந்தன. கடைசியில் அரசு இணங்கியது. எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ் தீர்மானத்தை முன்மொழிந்தார். டிசம்பர் 5 அன்று ஆதரவாக 218, எதிராக 253 என்று அது தோற்றது. தோற்றதா இல்லையா என்பதைவிட முக்கியமான ஒன்று அன்று வெளிப்பட்டது. அந்த முதலீட்டை எதிர்த்துப் பேசிய சமாஜ்வாதி கட்சியும் பகுஜன் சமாஜ் கட்சியும் வாக்கெடுப்பின்போது வெளிநடப்புச் செய்தன. வாக்கெடுப்பு இல்லாத விவாதமாக இருந்திருந்தால் பேச்சு மட்டுமே பதிவாகியிருக்கும். பேச்சுக்கும் வாக்குக்கும் இடையிலிருந்த இடைவெளி நாட்டுக்குத் தெரிந்திருக்காது. குஜராத் வன்முறை பற்றி 2002 ஏப்ரல் 30 அன்று தொடங்கிய விவாதமும் 184இன் கீழ்தான் நடந்தது. அந்தத் தீர்மானம் 182க்கு 276 என்ற கணக்கில் தோற்றது. எண்ணிக்கை முன்பே தெரிந்திருந்தும் எதிர்க்கட்சிகள் அந்த விதிக்காகப் போராடியதை வீண் என்று சொல்ல என்னால் முடியாது.

மாநிலங்களவையில் இதே இழுபறி வேறு எண்களில் நடக்கிறது. அங்கே ஒத்திவைப்புத் தீர்மானமே கிடையாது. அரசைக் கண்டிக்கும் கூறு அதில் இருப்பதாலும், அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே கூட்டுப் பொறுப்பு உடையது என்பதாலும் அந்தக் கருவி மக்களவைக்கு மட்டும் உரியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மாநிலங்களவை உறுப்பினர்கள் விதி 267ஐ நாடுகிறார்கள். விதிகளை நிறுத்திவைத்துவிட்டு ஒரு பொருளை எடுக்கக் கோருவது அது. விதியின் வாசகத்தைக் கவனமாகப் படித்தால், அன்றைய அலுவல் பட்டியலில் இருக்கும் பொருள் தொடர்பான தீர்மானத்துக்கு மட்டுமே விதியை நிறுத்திவைக்கக் கோர முடியும் என்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத புதிய பொருளைக் கொண்டுவருவதற்கான வாசலாக அது எழுதப்படவில்லை. ஆனாலும் அவைத்தலைவர் இசைந்தால் வழி பிறக்கும் என்பதற்குச் சான்று உண்டு: 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் பற்றிய விவாதம் அந்த விதியின் கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டது. 2023 ஜூலையில் மணிப்பூர் பற்றி எதிர்க்கட்சிகள் 267இன் கீழ் நோட்டீஸ்களைத் தந்தபோது, விதி 176இன் கீழ் குறுகிய கால விவாதத்துக்குத் தயார் என்றது அரசு. இரு தரப்பும் விவாதம் வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்த நாள்களில் அவை அமளியில் கழிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் எண் சண்டையாகத் தோன்றும்; உண்மையில், மற்ற அலுவல்களையெல்லாம் தள்ளிவைக்கும் அளவுக்கு இது பெரிதா என்ற கேள்விக்கான விடைதான் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஒத்திவைப்புத் தீர்மானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கேள்வியே அதிலிருந்து எழுந்தது. அன்றைய அலுவலை நிறுத்திவிட்டு அவசரமான, திட்டவட்டமான, மத்திய அரசின் பொறுப்புக்கு உட்பட்ட ஒரு விஷயத்தைப் பேசக் கோருவது அது. அவைத்தலைவர் இசைவளித்து, மறுப்பு எழுந்தால் 50 உறுப்பினர்கள் எழுந்து நின்று ஆதரவு காட்டிவிட்டால், வழக்கமாக மாலை 4 மணிக்கு அது எடுத்துக்கொள்ளப்படும். குறைந்தது இரண்டரை மணி நேரம் விவாதம் நடக்க வேண்டும். அது நிறைவேறினால் அரசுக்குப் பெரும் அவமானம். ஆகவே அவைத்தலைவர்கள் அதை மிக அரிதாகவே ஏற்கிறார்கள். சட்டம் ஒழுங்கு மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒரு மாநிலத்தில் நடந்த வன்முறையைப் பற்றிய நோட்டீஸ் ‘மத்திய அரசின் பொறுப்பு அல்ல’ என்று நிற்பதும், நீண்ட காலமாகத் தொடரும் பிரச்சினை ‘அண்மையது அல்ல’ என்று நிற்பதும் எளிது. இங்கே எந்தக் கெடுவும் இல்லை. இசைவு என்பது முற்றிலும் அவைத்தலைவரின் கையில். காலையில் கொடுத்த நோட்டீஸ் மாலையில் காணாமல் போவது இதனால்தான்.

இதற்கு நேர்மாறானது நம்பிக்கையில்லாத் தீர்மானம். விதி 198இன்படி நோட்டீஸ் ஒழுங்காக இருந்தால் அவைத்தலைவர் அதை அவையில் வாசிக்க வேண்டும். 50 உறுப்பினர்கள் எழுந்து நின்றால் அனுமதி கிடைத்துவிட்டது. அனுமதி கோரிய நாளிலிருந்து 10 நாளுக்கு மிகாத ஒரு நாளில் அது எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அமைச்சரவை மீது இந்த அவை நம்பிக்கை இழந்துவிட்டது என்ற ஒரு வாக்கியம் போதும். 543இல் 50 என்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தன்னைக் கவிழ்க்க எண்ணிக்கை இல்லாதவர்களுக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே வாசலை இவ்வளவு தாழ்வாக வைத்தார்கள். 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின் மீது கொண்டுவந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் கிடைத்தது 62 வாக்குகள், எதிராக 347. கிருபளானிக்கு அந்த எண்ணிக்கை முன்பே தெரியும். சீனப் போருக்குப் பிந்தைய அந்த நாள்களில் பிரதமர் அவையில் அமர்ந்து நாள்கணக்கில் விமர்சனத்தைக் கேட்டு, எழுந்து பதில் சொன்னார் என்பதுதான் அந்த நோட்டீஸ் சாதித்தது.

கெடு இருந்தும் இந்த நோட்டீஸும் தடுக்கப்பட முடியும் என்பதை 2018இல் பார்த்தோம். ஆந்திரத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கோரி ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தெலுங்கு தேசமும் மார்ச் மாதத்தில் நாளுக்கு நாள் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ்களைக் கொடுத்துவந்தன. எழுந்து நிற்கும் 50 பேரை எண்ண வேண்டும் அல்லவா? அதே நாள்களில் காவிரி மேலாண்மை வாரியம் கோரி அ.தி.மு.க. உறுப்பினர்களும், தங்கள் கோரிக்கைகளுக்காகத் தெலங்கானா ராஷ்டிர சமிதி உறுப்பினர்களும் அவையின் மையப்பகுதியில் நின்று முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவை ஒழுங்கில் இல்லாததால் எண்ண இயலவில்லை என்று அவைத்தலைவர் சுமித்ரா மகாஜன் ஒவ்வொரு நாளும் அவையை ஒத்திவைத்தார். ஏப்ரல் 6 அன்று கூட்டத்தொடரே முடிந்துபோனது. காவிரிக்கான கோரிக்கை நியாயமானது, அதை எழுப்பிய உறுப்பினர்களின் உணர்வும் உண்மையானது. ஆனாலும் அரசு அவையில் பதில் சொல்ல வேண்டிய ஒரு வாய்ப்பு அந்த நாள்களில் அடைபட்டது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஜூலை 18 அன்று மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கிய முதல் நாளிலேயே புதிதாகக் கொடுத்த நோட்டீஸ் ஏற்கப்பட்டு, ஜூலை 20 அன்று விவாதம் நடந்து, 126க்கு 325 என்று தீர்மானம் தோற்றது. மார்ச்சில் இயலாதது ஜூலையில் இரண்டே நாளில் இயன்றது. எண்ணும் முறையை அவையின் அமைதியோடு பிணைத்திருப்பது இந்த விதியில் உள்ள பெரிய ஓட்டை; கையொப்பங்களையே எண்ணிக்கையாக ஏற்றுக்கொண்டால் அது அடைபடும் என்பது என் கருத்து.

கெடுவை எப்படி எண்ணுவது என்பதிலும் சிக்கல் உண்டு. 2023 ஜூலை 26 அன்று காங்கிரஸ் உறுப்பினர் கௌரவ் கோகோய் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸுக்கு அன்றே அனுமதி கிடைத்தது. விவாதம் தொடங்கியது ஆகஸ்ட் 8 அன்று. நாள்காட்டியில் எண்ணினால் 10 நாள் கடந்துவிடுகிறது. அவை கூடிய நாள்களை மட்டும் எண்ணினால்தான் கணக்கு அதற்குள் அடங்கும். அந்த இடைவெளியில் மசோதாக்கள் நிறைவேறிக்கொண்டிருந்தன. தன் மீதே நம்பிக்கை கேள்விக்குள்ளாகியிருக்கும்போது அரசு முக்கியச் சட்டங்களை இயற்றலாமா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அரசமைப்புச் சட்டமே நிர்ணயிக்கும் முன்னறிவிப்புகள் இன்னொரு வகை. இங்கே காலம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. குடியரசுத் தலைவர் மீதான குற்றச்சாட்டுத் தீர்மானத்துக்கு, அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டு, 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். குடியரசுத் துணைத் தலைவரை நீக்கவும் மக்களவைத் தலைவரை நீக்கவும் அதே 14 நாள் தேவை. உயர்ந்த பதவியில் இருப்பவரை அவசரத்தில் அகற்றிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த காலம் இது. ஆனால் கூட்டத்தொடர்கள் மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும் இந்நாளில், கூட்டத்தொடரின் பிற்பகுதியில் கொடுக்கும் நோட்டீஸ் பிறக்கும்போதே காலாவதியாகிறது. 2024 டிசம்பர் 10 அன்று மாநிலங்களவைத் தலைவராக இருந்த அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கருக்கு எதிராக எதிர்க்கட்சிகள் நோட்டீஸ் கொடுத்தன. கூட்டத்தொடர் 20ஆம் தேதி முடிவதாக இருந்தது. மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் 19ஆம் தேதி அதை நிராகரித்தபோது சொன்ன காரணங்களில் 14 நாள் அவகாசம் இல்லை என்பதும் ஒன்று. மக்களவைத் தலைவர்களில் மவலங்கர் மீது 1954இலும், ஹுக்கம் சிங் மீது 1966இலும், பல்ராம் ஜாக்கர் மீது 1987இலும் நீக்கத் தீர்மானங்கள் வந்தன. 1966இல் 50 பேர் எழுந்து நிற்காததால் அது விவாதத்துக்கே போகவில்லை. மற்ற இரண்டையும் அவை தோற்கடித்தது. அத்தகைய தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது அவைத்தலைவர் தலைமை தாங்கக் கூடாது என்பதையும் அரசமைப்புச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு நோட்டீஸ் எவ்வளவு நீண்ட ஆயுள் பெற முடியும் என்பதற்கு உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கக் கோரிய தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். 1968ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, நீதிபதியை நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையொப்பமிட வேண்டும். ஒன்பதாவது மக்களவையின் 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட நோட்டீஸை அவைத்தலைவர் ரவி ராய் 1991 மார்ச் 12 அன்று ஏற்று விசாரணைக் குழுவை அமைத்தார். மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது. அவை இல்லாமல் போனால் அதில் கொடுத்த தீர்மானமும் போய்விடாதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. போகாது, அந்தச் சட்டத்தின் கீழ் ஏற்கப்பட்ட தீர்மானம் அவை கலைவதோடு காலாவதியாவதில்லை என்று அந்த ஆண்டே அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய மக்களவையில் 1993 மே 11 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 196 பேர். எதிராக ஒருவரும் இல்லை. 205 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள். தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் வீழ்ந்தது. முடிவு எப்படியானாலும், ஏற்கப்பட்ட ஒரு நோட்டீஸை யாராலும் மறைத்துவிட முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மறுக்கப்படாமலும் எடுக்கப்படாமலும் நடுவில் தங்கும் நோட்டீஸ்களும் உண்டு. அவைத்தலைவர் ஏற்றுக்கொண்டு, நாள் மட்டும் குறிக்கவில்லை என்றால், அவற்றை ‘இன்னும் நாள் குறிக்கப்படாத தீர்மானங்கள்’ என்ற தலைப்பில் அவையின் செய்தி இதழில் வெளியிட வேண்டும் என்கிறது மக்களவை விதி 189. இந்தப் பட்டியலில் சேர்வதே பெரும்பாலான தீர்மானங்களுக்கு இறுதி நிலை. பிரிட்டனிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. விரைவில் ஒரு நாளில் எடுக்கப்பட வேண்டியவை என்ற பெயரில் உறுப்பினர்கள் தீர்மானங்களைப் பதிவு செய்து, மற்றவர்களின் கையொப்பங்களைச் சேர்க்கிறார்கள். அநேகமாக எதுவும் விவாதத்துக்கு வருவதில்லை. ஆனால் 1979 மார்ச்சில், அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் அப்படிப் பதிவு செய்த 351ஆம் எண் தீர்மானம் விவாதத்துக்கு வந்து, 311க்கு 310 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் பிரதமர் காலஹனின் அரசைக் கவிழ்த்தது. நாள் குறிக்கப்படாதவற்றின் பட்டியலை நான் இன்றும் பொறுமையாகப் படிப்பதற்கு அந்த நிகழ்வும் ஒரு காரணம்.

இலங்கையிலிருந்தும் ஒன்றைச் சொல்லலாம். 2022 மே 17 அன்று, ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச மீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதிக்க ஏதுவாக அவை நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்த வேண்டும் என்று எதிர்க்கட்சி உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கோரினார், ஆதரவாக 68, எதிராக 119 என்று அது தோற்றது. அன்று வாக்கெடுப்புக்கு வந்தது அதிருப்தி அல்ல, அதை உடனே பேசலாமா என்பது மட்டுமே. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று மக்கள் அந்த வாக்கெடுப்பிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்தொடர் முறைப்படி முடித்துவைக்கப்பட்டால், நிலுவையிலுள்ள நோட்டீஸ்கள் எல்லாம் காலாவதியாகும். அடுத்த தொடருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். விதி 335 இதில் ஒரே ஒரு விலக்குத் தருகிறது: மசோதாவை அறிமுகப்படுத்த அனுமதி கோரும் நோட்டீஸ் உயிரோடு இருக்கும். பொறுமையான உறுப்பினர்களுக்கு இந்த வழி பலனும் தந்திருக்கிறது. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்றை ஓர் அவை நிறைவேற்றியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல் முறை. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், அந்தப் பொருளில் அரசே மசோதா கொண்டுவர வேண்டிய நிலையை அது உருவாக்கியது.

மறுக்கப்படும் என்று தெரிந்தும் ஏன் கொடுக்கிறார்கள் என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தொகுதி மக்களுக்குக் காட்டுவதற்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அவைத்தலைவர் ஏற்று உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடும்வரை நோட்டீஸை யாரும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று மக்களவை விதி 334அ சொல்கிறது. ஆனால் கையொப்பமிட்ட கடிதத்தின் படம் காலை 10 மணிக்கு முன்பே சமூக ஊடகத்தில் வந்துவிடுகிறது. இந்த விதி மீறப்படுவதை நான் ஆதரிக்கவில்லை. அதே வேளையில், ஏற்கப்படாத நோட்டீஸ்கள் எத்தனை, எந்தக் காரணத்துக்காக ஒவ்வொன்றும் மறுக்கப்பட்டது என்பதை அவையே முறையாக வெளியிட்டால், உறுப்பினர்கள் தாங்களாக விளம்பரம் தேட வேண்டிய தேவை பாதியாகக் குறையும். அதோடு, ஒத்திவைப்புத் தீர்மானம் மறுக்கப்பட்டாலும் அதே பொருளை, கேள்வி நேரத்தை அடுத்து உறுப்பினர்கள் அவசரப் பொருள்களை எழுப்பும் ‘நேரமில்லா நேர’த்தில் சில நிமிடங்கள் பேச அவைத்தலைவர் அனுமதிப்பது உண்டு. பெரியதைக் கேட்டுச் சிறியதைப் பெறுவது என்று உறுப்பினர்கள் கணக்கிட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஒரே பொருளில் பல கட்சிகளிலிருந்து நோட்டீஸ்கள் குவியும்போது, அவையின் அலுவல்களுக்கு நேரம் பிரிக்கும் அலுவல் ஆய்வுக் குழுவின் பேச்சில் அது எதிரொலிக்கவும் செய்கிறது.

ஆகவே அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் படிக்கும்போது, எந்த விதியின் கீழ் என்று முதலில் பாருங்கள். வாக்கெடுப்பு உண்டா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு மக்களவை இணையதளத்தில் வெளியாகும் செய்தி இதழின் இரண்டாம் பகுதியில் அது ஏற்கப்பட்டதா என்றும், மறுநாள் அலுவல் பட்டியலில் அதற்கு நாள் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் தேடலாம். இரண்டுமே பொதுமக்கள் யாரும் பார்க்கக்கூடியவை. இரண்டிலும் இல்லையென்றால், கூட்டத்தொடர் முடிய இன்னும் எத்தனை அமர்வுகள் மிச்சமிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த நோட்டீஸுக்கு எஞ்சியிருக்கும் ஆயுள் அவ்வளவுதான்.